மாதம் 300 போர்டுகளுக்கு ஃபர்ம்வேர் எழுத எட்டு வழி புரோகிராமர் வேண்டுமா, ஒரு நல்ல ஜிக் போதுமா?

கேள்வியை என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கேட்டவர் கோவையில் பம்ப்செட் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் அமரும் ஒரு சிறிய மின்னோட்ட அளவி மாட்யூலைத் தயாரிக்கிறார். போர்டின் அளவு 24க்கு 32 மில்லிமீட்டர், அதில் இருப்பது எஸ்.டி.எம்.32 எஃப்103 சி8 சிப், மாதம் சுமார் 300 எண்ணிக்கை. ஒவ்வொரு போர்டிலும் ஜம்பர் ஒயர்களைக் கையால் பிடித்துக்கொண்டு மடிக்கணினியிலிருந்து ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் நிரல்) எழுதுகிறார், ஒன்றுக்கு 5 நிமிடம் ஆகிறது. ஒரே நேரத்தில் எட்டு போர்டுகளுக்கு எழுதும் புரோகிராமர் வாங்குவதா, அல்லது போர்டை அசெம்பிள் செய்யும் நிறுவனத்திடமே எழுதித் தரச் சொல்வதா என்பது அவர் கேட்டது. கடைசியில் பின்குறிப்பாக இரண்டு செய்திகளைச் சேர்த்திருக்கிறார்: சென்ற மாதம் 12 போர்டுகள் புரோகிராமருக்குப் பதிலே தரவில்லை, ஒரே தொடர் எண் கொண்ட இரண்டு மாட்யூல்கள் ஒரு வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்துவிட்டன.

என் பார்வையில் இந்தக் கேள்வியின் உயிர் அந்தப் பின்குறிப்பில்தான் இருக்கிறது. எத்தனை போர்டுகளுக்கு ஒரே நேரத்தில் எழுதலாம் என்பதைவிட, நீங்கள் பக்கத்தில் இல்லாத நாளிலும் பட்டறையில் இருக்கும் ஒருவர் ஒவ்வொரு போர்டிலும் சரியான ஃபர்ம்வேரும் அதற்கே உரிய எண்ணும் போய்ச் சேர்ந்ததை உறுதியாகச் சொல்லும்படி செய்வது எப்படி என்பதே நீங்கள் உண்மையில் கேட்க வேண்டியது. மாதம் 50 முதல் 2,000 வரையிலான உற்பத்தியில் 16 ஆண்டுகள் வேலை பார்த்த அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன். லட்சக்கணக்கில் தயாரிக்கும் ஆலைகளின் கணக்கு வேறு, அதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை.

முதலில் நேரம் எங்கே போகிறது என்று பார்ப்போம், ஏனென்றால் இதில் ஐயத்துக்கே இடமில்லை. உங்கள் சிப்பில் 64 கிலோபைட் ஃபிளாஷ் (நிரல் தங்கும் நினைவகம்) உள்ளது. அது இரண்டிரண்டு பைட்டாக எழுதும். ஒருமுறை எழுத வழக்கமாக 52.5 மைக்ரோ விநாடி ஆகும் என்று சிப்பின் தரவுத்தாளே சொல்கிறது. மொத்தம் 32,768 முறை எழுதினாலும் 1.7 விநாடிதான் ஆகிறது. முழு அழிப்புக்கு அதிகபட்சம் 40 மில்லி விநாடி. சரிபார்ப்பையும் சேர்த்துச் சாதாரண எஸ்டி-லிங்க் என்ற புரோகிராமர் கருவி கொண்டு எழுதினாலும் நான்கைந்து விநாடிக்குள் முடிந்துவிடும். ஆகவே உங்கள் 5 நிமிடத்தில் மீதி எல்லாம் ஒயரைத் தேடுவதிலும், பிடிப்பதிலும், தொடர்பு அறுந்து மறுபடி முயல்வதிலும், கணினியில் கோப்பைத் தேர்ந்தெடுப்பதிலும்தான் போகிறது. 300 போர்டுக்கு 5 நிமிடம் என்றால் 25 மணி நேரம். அதையே ஒரு ஜிக்கில் (போர்டை உட்காரவைத்தால் பின்கள் தாமாக வந்து தொடும் பிடிப்பானில்) வைத்து 20 விநாடியில் முடித்தால் 100 நிமிடம். எட்டு வழி புரோகிராமர் மிச்சப்படுத்துவது எழுதும் அந்த ஐந்து விநாடியைத்தான், அதாவது மாதம் 25 நிமிடத்துக்கும் குறைவு. போர்டை எடுத்து வைக்கும் கையின் நேரத்தை அது குறைக்காது. எனவே இந்த எண்ணிக்கைக்கு அதை வாங்க வேண்டாம் என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

அசெம்பிளி நிறுவனத்திடம் விடுவது சில இடங்களில் நல்ல வழிதான். பெரிய சிப் விற்பனையாளர்கள் சிலரும் ஃபர்ம்வேர் எழுதிய நிலையிலேயே சிப்பை அனுப்பித் தருகிறார்கள். ஆனால் உங்கள் விஷயத்தில் இரண்டு காரணங்களுக்காக அது பொருந்தாது. முதலாவது, ஃபர்ம்வேரில் ஒரு திருத்தம் செய்த மறுநாளே கையிருப்பில் இருக்கும் எழுதப்பட்ட சிப்புகள் எல்லாம் பழையவை ஆகிவிடும். சிறு உற்பத்தியில் திருத்தங்கள் அடிக்கடி வரும். இரண்டாவது, உங்கள் மாட்யூல் மின்னோட்டத்தை அளப்பது. ஒவ்வொரு போர்டுக்கும் தனியே அளவுத்திருத்த எண் இருந்தாக வேண்டும், அதற்காகப் போர்டை எப்படியும் நீங்கள் ஒருமுறை கையில் எடுத்து மின்சாரம் கொடுத்தே ஆக வேண்டும். அந்த ஒரே தொடுகையில் எழுதுதல், எண் கொடுத்தல், அளவுத்திருத்தம் மூன்றையும் முடிப்பதே சிக்கனம்.

ஆக, தேவை ஒரு ஜிக். உங்கள் போர்டின் அடிப்பக்கத்தில் ஐந்து திட்டுகள் (பின்கள் வந்து தொடும் உலோகப் புள்ளிகள்) போதும்: 3.3 வோல்ட், கிரவுண்ட், எஸ்.டபிள்யூ.டி. என்னும் நிரல் எழுதும் இணைப்பின் டேட்டா, கிளாக், அத்துடன் ரீசெட். ஆறாவதாகச் சீரியல் வெளியீட்டுக்கு (சிப் கணினிக்கு எழுத்துகளை அனுப்பும் ஒயருக்கு) ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், அதன் பயன் பின்னால் வரும். ரீசெட்டை இடமில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் விட்டிருக்கிறேன். ஃபர்ம்வேர் ஓடத் தொடங்கியதும் எஸ்.டபிள்யூ.டி. முனைகளை வேறு வேலைக்கு மாற்றிக்கொண்டாலோ ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போனாலோ, ரீசெட்டைக் கீழே இழுத்துப் பிடித்தபடி இணைந்தால் மட்டுமே சிப் மறுபடி பேசும். திட்டுகள் 1.5 மில்லிமீட்டர் விட்டத்தில், 2.54 மில்லிமீட்டர் இடைவெளியில், எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். இந்த இடைவெளிக்கு பி75 என்ற ரகப் போகோ பின் (ஸ்பிரிங் வைத்த தொடுமுள்) சரியாகப் பொருந்தும். அதன் உடல் 1.02 மில்லிமீட்டர் தடிமன். பின்னை நேராக ஈயம் வைத்து நிறுத்தாதீர்கள். அதற்கென்றே விற்கும் உறையை அக்ரிலிக்கில் பொருத்தி, ஒயரை உறையில் ஈயம் வைத்து, பின்னை அதற்குள் சொருகுங்கள். பின் தேய்ந்தால் இடுக்கியால் உருவி வேறொன்றைச் செருக அரை நிமிடம் போதும்.

ஜிக்கின் உடலுக்கு லேசரில் வெட்டிய இரண்டு அக்ரிலிக் தகடுகள், போர்டு உட்காரும் பள்ளம், போர்டை மேலிருந்து அழுத்த ஒரு டாகிள் கிளாம்ப் போதுமானவை. கிளாம்பின் நுனியில் ரப்பர் இருக்க வேண்டும். அது எந்த உதிரி உறுப்பின் மேலும் படாமல் போர்டின் வெற்றிடத்தில் அழுத்த வேண்டும். பின்கள் போர்டை மேலே தள்ளுவதால், போர்டின் ஒரு ஓரத்தை மட்டும் அழுத்தினால் அது வளையும். பீங்கான் கெபாசிட்டர்களில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இப்படித்தான் வருகிறது. உங்கள் மாட்யூலின் ஓரங்களில் பாதியாக வெட்டிய துளைகள் இருப்பதாகச் சொன்னீர்கள். அவற்றில் பக்கவாட்டில் பின் வைக்கப் பலரும் ஆசைப்படுவார்கள், நான் அதைப் பரிந்துரைக்கவில்லை. பல போர்டுகள் சேர்ந்த பலகத்திலிருந்து போர்டைப் பிரிக்கும்போது ஓரத்தின் அளவு சற்று முன்பின் ஆகும், தொடர்பு சில போர்டுகளில் கிடைக்கும், சிலவற்றில் கிடைக்காது. அடியில் திட்டு வைக்க இடமிருக்கும்போது ஓரத்தை நம்பத் தேவையில்லை.

ஜிக் செய்தவர்கள் எல்லோரும் ஒருமுறை திகைத்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. முதல் நாள் எல்லாம் ஒழுங்காக நடக்கும். நூறு போர்டு தாண்டியதும் ஒன்று விட்டு ஒன்று தோற்கும், இரண்டாம் முறை அழுத்தினால் தேறும். சிப் மோசம் என்று முடிவு செய்துவிடுவோம். ஒரு பின்னை உருவி உருப்பெருக்கியில் பாருங்கள்: கூம்பு நுனியைச் சுற்றித் தேன் நிறத்தில் பிசுபிசுப்பாக ஒரு வளையம் ஒட்டியிருக்கும். கழுவத் தேவையில்லை என்று விற்கப்படும் ஃபிளக்ஸின் மிச்சம் அது. போர்டின் வேலையைக் கெடுக்காது, ஆனால் மின்கடத்தாப் படலமாகப் பின்னில் சேர்ந்துகொண்டே போகும். ஐம்பது போர்டுக்கு ஒருமுறை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பழைய பல்துலக்கியால் பின்களைத் தேய்த்துவிடுவதை வேலையின் ஒரு பகுதியாகவே ஆக்கிவிடுங்கள். பின்னின் நுனி வட்டமாக இருப்பதைவிடக் கூராக இருப்பது படலத்தைத் துளைக்க உதவும்.

மின் இணைப்பில் கவனிக்க வேண்டியவை இரண்டு. அசல் எஸ்டி-லிங்க் வி2 கருவியில் 3.3 வோல்ட் முனை உள்ளீடு. போர்டின் மின்னழுத்தத்தை அளக்க மட்டுமே அது இருக்கிறது. சந்தையில் கிடைக்கும் மலிவான நகல்களில் அதே பெயருள்ள முனை வெளியீடு, போர்டுக்கு மின்சாரம் தரும். நீங்கள் ஜிக்கில் தனி மின்சாரம் கொடுத்துக்கொண்டு நகலின் அந்த முனையையும் இணைத்தால் இரண்டு மின்வழங்கிகள் ஒன்றோடொன்று மோதும். தனி மின்வழங்கியையே வைத்துக்கொண்டு, மின்னோட்ட வரம்பை 100 மில்லி ஆம்பியரில் நிறுத்துங்கள்; ஷார்ட் ஆன போர்டு எழுதத் தொடங்கும் முன்பே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டாவது, சீரியல் ஒயர் செய்யும் குழப்பம். போர்டின் மின்சாரத்தை நிறுத்தினாலும் கணினிப் பக்கத்துச் சீரியல் கருவி தன் வெளியீட்டை 3.3 வோல்ட்டிலேயே வைத்திருக்கும். அந்த மின்சாரம் சிப்பின் முனை வழியாக உள்ளே கசிந்து சிப்பை அரைத் தூக்கத்தில் வைத்திருக்கும், அடுத்த முறை மின்சாரம் தரும்போது சிப் ஒழுங்காகத் தொடங்காது. போர்டிலிருந்து வெளியே வரும் ஒரு ஒயரை மட்டும் இணைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. எஸ்.டபிள்யூ.டி. ஒயர்களை ஒரு சாணுக்குள் வைத்து, கிளாக்குக்குப் பக்கத்தில் கிரவுண்டை ஓடவிட்டு, வேகத்தை 1 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைத்துக்கொண்டால் போதும். அதனால் கூடும் விநாடிகள் கணக்கில் வராது. மெயின்ஸ் மின்சாரம் எந்தக் காரணத்துக்காகவும் இந்த ஜிக்குக்குள் வரவே கூடாது. அந்தச் சோதனைக்குத் தனி மேசை வையுங்கள்.

இனி ஒரே எண் இரண்டு போர்டில் போன விஷயம். உங்கள் நடைமுறையை நான் நேரில் பார்க்கவில்லை. ஆனால் தொடர் எண்ணை நிரலுக்குள்ளேயே எழுதி ஒவ்வொரு முறையும் கம்பைல் செய்பவராக இருந்தால், எண்ணை மாற்ற மறந்த ஒரு கணம்தான் காரணமாக இருக்க வேண்டும். ஃபர்ம்வேர் எல்லாப் போர்டுக்கும் ஒரே கோப்பாக, ஒரு பைட் கூட மாறாததாக இருக்க வேண்டும்; போர்டுக்குப் போர்டு மாறுவதெல்லாம் ஃபிளாஷின் வேறொரு மூலையில் இருக்க வேண்டும். உங்கள் சிப்பில் ஃபிளாஷ் 1 கிலோபைட் பக்கங்களாகப் பிரிந்துள்ளது. கடைசிப் பக்கத்தை லிங்கர் கோப்பில் (நிரல் ஃபிளாஷில் எங்கே அமர வேண்டும் என்று சொல்லும் கோப்பு) நிரலுக்குக் கொடுக்காமல் ஒதுக்கிவையுங்கள். தொடர் எண், போர்டின் பதிப்பு, அளவுத்திருத்த எண், இவற்றிலிருந்து கணக்கிட்டுச் சரிபார்க்க உதவும் சி.ஆர்.சி. என்ற எண் ஆகிய நான்கும் அங்கே போகட்டும். அந்தப் பக்கம் காலியாகவோ சி.ஆர்.சி. பொருந்தாமலோ இருந்தால் மாட்யூல் வேலை செய்ய மறுத்து விளக்கைச் சிமிட்ட வேண்டும். அப்போது எண் இல்லாத போர்டு பெட்டிக்குள் போகவே முடியாது.

இதையெல்லாம் மனிதர் நினைவில் வைத்துச் செய்யக் கூடாது, ஒரு ஸ்கிரிப்ட் செய்ய வேண்டும். ஓபன்ஓசிடி என்ற இலவச மென்பொருள் அல்லது சிப்பைத் தயாரிக்கும் எஸ்.டி. நிறுவனமே தரும் கியூப் புரோகிராமரின் கட்டளை வடிவம், இவற்றில் ஒன்றை இயக்கும் நூறு வரிப் பைத்தான் நிரல் போதும். அது செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். போர்டு வைக்கப்பட்டதும் சிப்பிலிருந்து அதன் 96 பிட் தனி அடையாளத்தைப் படிக்க வேண்டும். இதை ஆலையிலேயே ஒவ்வொரு சிப்பிலும் பதித்து அனுப்புகிறார்கள். அந்த அடையாளம் ஏற்கெனவே பதிவேட்டில் இருந்தால் பழைய எண்ணையே மறுபடி கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த எண்ணை எடுக்க வேண்டும். பிறகு அழித்து, எழுதி, திரும்பப் படித்து ஒப்பிட்டு, கடைசிப் பக்கத்தையும் எழுதி, ரீசெட் செய்து, ஃபர்ம்வேர் உண்மையில் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். நான் கேட்ட ஆறாவது திட்டு இங்கேதான் உதவுகிறது. மாட்யூல் விழித்தவுடன் தன் பதிப்பு எண்ணையும் தொடர் எண்ணையும் சீரியலில் ஒரு வரியாகச் சொல்ல வேண்டும். ஸ்கிரிப்ட் எழுதிய எண்ணும் மாட்யூல் சொன்ன எண்ணும் ஒன்றாக இருந்தால் மட்டுமே பச்சை விளக்கு. எழுதி ஒப்பிட்டதோடு நிறுத்திக்கொள்பவர்கள் பலர். படிகம் (சிப்புக்குக் கடிகாரத் துடிப்பு தரும் உறுப்பு) சரியாக ஈயம் பிடிக்காத போர்டு அந்த ஒப்பீட்டில் தேறிவிடும், ஏனென்றால் எஸ்.டபிள்யூ.டி.க்குப் படிகம் தேவையில்லை. ஆனால் அந்தப் போர்டில் ஃபர்ம்வேர் ஓடாது. எந்தக் கோப்பு எழுதப்பட்டது என்பதைப் பெயரை வைத்து நம்பாமல், அதன் ஷா-256 மதிப்பை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) பதிவேட்டில் ஒவ்வொரு வரியிலும் சேர்த்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு மாட்யூல் திரும்பி வரும்போது அந்த ஒரு வரி பெரிய துணை.

லேபிள் எப்போது அச்சாக வேண்டும் என்பதில் நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு வாடிக்கையாளருக்காகச் செய்த தொகுதியில் லேபிள்களை முதல் நாளே சுருளாக அச்சிட்டு வைத்திருந்தோம். போர்டு தேறியதும் அடுத்த லேபிளை உரித்து ஒட்டுவது என்று ஏற்பாடு. நாற்பதாவது போர்டு தோற்றது, ஸ்கிரிப்ட் அந்த எண்ணைத் தள்ளுபடி செய்துவிட்டு அடுத்ததற்குப் போனது, லேபிள் சுருள் மட்டும் போகவில்லை. அன்று மாலை வரை ஒட்டியவை அனைத்தும் ஒரு எண் தள்ளி ஒட்டப்பட்டன. வெளியே 57, உள்ளே 58. ஒவ்வொரு போர்டையும் மறுபடி ஜிக்கில் வைத்து, உள்ளே இருந்த எண்ணைப் படித்து, பழைய லேபிளைச் சுரண்டிப் புதியதை ஒட்ட எங்கள் இருவருக்கும் ஒன்றரை நாள் ஆயிற்று. அன்றிலிருந்து மாட்யூல் தன் வாயால் எண்ணைச் சொன்ன பிறகே அச்சுக் கருவிக்குக் கட்டளை போகும். ஒரு லேபிள் வெளியே வரும், அது ஒட்டப்பட்ட பிறகே அடுத்த போர்டு. ஜிக்கில் வேலை பார்ப்பவர் திரையைப் படிக்க வேண்டிய நிலையே இருக்கக் கூடாது. பெரிய பச்சை, பெரிய சிவப்பு, இரண்டுக்கும் வெவ்வேறு ஒலி. சிவப்பு வந்தால் ஒரே ஒரு முறை மறுபடி அழுத்தலாம்; மீண்டும் சிவப்பு என்றால் காரணம் எழுதிய சீட்டுடன் தனிப் பெட்டிக்குப் போக வேண்டும்.

நிரலைப் பிறர் படிக்காமல் பூட்டுவது பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். பூட்டினால் டீபக்கர் வழியே ஃபிளாஷைப் படிக்க முடியாது, பூட்டை நீக்கினால் முழு ஃபிளாஷும் அழிந்துவிடும். எனவே ஒப்பிடுதல், எண் எழுதுதல், அளவுத்திருத்தம் எல்லாம் முடிந்த பிறகே கடைசி வேலையாகப் பூட்ட வேண்டும், பூட்டியபின் மின்சாரத்தை ஒருமுறை துண்டித்துக் கொடுக்க வேண்டும். இந்த எஃப்1 வரிசையின் பூட்டில் உள்ள ஓட்டையை 2020-இல் ஆய்வாளர்கள் வெளிப்படையாகவே எழுதிவிட்டார்கள். சாதாரணமாக நகல் எடுக்க வருபவரை அது தடுக்கும், கருவியும் பொறுமையும் உள்ளவரைத் தடுக்காது. உங்கள் தொழில் ரகசியம் முழுவதும் அந்த 64 கிலோபைட்டில்தான் இருக்கிறது என்றால் சிப்பையே மாற்ற யோசிக்க வேண்டியிருக்கும்.

கடைசியாக அந்த 12 போர்டுகள். இங்கே உறுதியாக எதையும் சொல்லிவிட முடியாது, சாத்தியங்களை வரிசைப்படுத்த மட்டுமே முடியும். அவற்றில் ஒருமுறை கூட எழுதப்படவில்லை என்றால், ஃபர்ம்வேர் முனைகளை மாற்றிக்கொண்டது என்ற காரணம் அடிபட்டுப்போகிறது. அடுத்து நான் சந்தேகப்படுவது அனலாக் மின் முனை. எஃப்103 சிப்பின் ரீசெட் சுற்று அந்த முனையிலிருந்துதான் மின்சாரம் எடுக்கிறது. மற்ற எல்லா முனைகளுக்கும் 3.3 வோல்ட் வந்தாலும் அந்த ஒரு முனையில் ஈயம் பிடிக்காவிட்டால் சிப் பிணம் போலக் கிடக்கும். உங்கள் சுற்றில் அந்த முனைக்கு முன்னால் ஃபெரைட் பீட் (மின் இரைச்சலை வடிக்கும் சிறு உறுப்பு) ஒன்று இருந்தால் அதன் இரு முனைகளிலும் அளந்து பாருங்கள். மூன்றாவது, சிப்பே அசலாக இல்லாமல் இருக்கலாம். எஃப்103 என்று அச்சிட்ட நகல் சிப்புகள் சில ஆண்டுகளாகச் சந்தையில் நிறைய உலவுகின்றன. இணைந்தவுடன் அசல் சிப் சொல்லும் எட்டு இலக்க அடையாளக் குறி 1-இல் தொடங்கும், பல நகல்களில் அது 2-இல் தொடங்கும். ஓபன்ஓசிடி அதைப் பார்த்ததும் எதிர்பாராத குறி என்று சொல்லி நின்றுவிடும். அப்படியானால் போர்டு பதில் தரவில்லை என்று நீங்கள் எடுத்துக்கொண்டது உண்மையில் அது தந்த வேறொரு பதிலாக இருக்கலாம், திரையில் வந்த பிழைச் செய்தியை வரி வரியாகப் படித்தால் தெரிந்துவிடும்.

இந்தச் சோதனைகள் பத்து நிமிட வேலை. 12 போர்டுகளிலும் அனலாக் முனையின் மின்னழுத்தத்தையும், ஓபன்ஓசிடி சொல்லும் முழுச் செய்தியையும், சிப்பின் மேல் அச்சிட்டிருக்கும் மூன்று வரிகளையும் குறித்து இங்கேயே எழுதுங்கள். 12-க்கும் ஒரே குறையா, வெவ்வேறு குறைகளா என்பது அதிலிருந்து தெரியும். அதற்கு முன் எந்தச் சிப்பையும் வெப்பக்காற்று வைத்துக் கழற்றிவிடாதீர்கள்.